பத்து மாதக் குழந்தையுடன் ஃபின்சேக்கு: வாடகைப் புல்க் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

ஒஸ்லோவில் உள்ள சிறிய கடை ஒன்றில் மூன்று கிழமைக்கு வாடகைக்கு எடுத்த குழந்தைப் புல்க்கைப் பற்றியும், அந்தக் கடையின் சேவையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். புல்க் என்பது படகு வடிவில் அமைந்த, சில்லில்லாத சறுக்குவண்டி; அதன் முன்பக்கத்திலிருந்து நீளும் இரண்டு தண்டுகளை இடுப்புப் பட்டியில் மாட்டிக்கொண்டு, ஸ்கீயில் செல்பவர் அதைப் பின்னால் இழுத்துச் செல்வார். வடக்கே சாமி எனப்படும் பழங்குடி மக்கள் கலைமான் பூட்டி ஓட்டிய வண்டியின் வழிவந்தது அது. நோர்வேயில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு அது தள்ளுவண்டியைப் போல் சாதாரணமான பொருள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, முப்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாக ஸ்கீயில் ஏறி நின்ற எனக்கோ, அதன் ஒவ்வொரு பட்டியையும் ஆணியையும் கேட்டுக் கேட்டு அறிய வேண்டியிருந்தது. இந்த மதிப்பீடு சற்று நீளமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

எங்கள் நோக்கம், ஈஸ்டருக்கு முந்திய கிழமைகளில் ஒன்றில், பத்து மாத மகளுடன் நோர்வேயின் உயர்மலைப் பகுதியிலுள்ள ஃபின்சேயில் இரண்டு இரவு தங்கி, பகலில் மலைவெளியில் ஸ்கீயில் சென்று வருவது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, “பச்சைப்பிள்ளையைப் பனிக்குள்ள இழுத்துக்கொண்டு போறியோ, உனக்கென்ன விசரோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சிரித்துத் தள்ளிவிடவில்லை. மூன்று கிழமை ஆயத்தம் முழுவதும் அதற்குப் பதில் தேடும் வேலையாகத்தான் இருந்தது.

முதலில், ஏன் புல்க் என்பதைச் சொல்லவேண்டும். பனி விழுவதற்கு முன் நாங்கள் முதுகில் சுமக்கும் குழந்தைக்கூடையைத்தான் பயன்படுத்தினோம். பனிக்காலத்தில் அது கூடாது என்று இங்கே திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்: தொங்கும் கால்களில் பட்டி அழுத்தி இரத்தவோட்டம் குறைகிறது, குழந்தை அசையாமல் இருக்கிறது, சுமப்பவரின் கண்ணுக்கு அதன் பாதங்கள் தெரிவதில்லை, குளிர்க்கடி வந்த பிறகுதான் தெரியவரும். ஸ்கீயில் விழுந்தால் குழந்தை தலை உயரத்திலிருந்து விழும் என்பது அடுத்த காரணம். தூலே சாரியட் போல, சில்லைக் கழற்றி ஸ்கீ பூட்டும் வண்டிகளும் உண்டு. ஆயத்தம் செய்த தடங்களில் அவை மிக நன்றாக ஓடும், ஆண்டு முழுவதும் பயன்படும். ஆனால் புவியீர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால் பக்கச் சரிவில் சாயக்கூடும்; தடமில்லாத மென்பனியில் அவற்றின் ஒடுங்கிய ஸ்கீகள் புதையும். புல்க்கின் அடிப்பக்கம் அகலமானது, குழந்தை தரையோடு தரையாக இருக்கிறது. மலைவெளிக்கு அதுதான் பொருத்தம்.

கடையைப் பற்றி நல்லதையே முதலில் சொல்லவேண்டும். முன்பதிவு செய்யும்போதே குழந்தையின் வயது, எடை, தானாக நிமிர்ந்து உட்காருகிறதா என்பதையெல்லாம் கேட்டார்கள். எடுக்கச் சென்ற நாளில் அங்கிருந்த பெண், எங்கே போகிறோம் என்று கேட்டு, ஃபின்சே என்றவுடன் ஒரு கணம் நிறுத்தி, “அதற்கு முன் எத்தனை முறை இழுத்துப் பார்க்கப்போகிறீர்கள்?” என்று வினவினார். மூன்று முறை என்று நான் சொன்ன பிறகுதான் இடுப்புப் பட்டியை எனக்கும் கணவருக்கும் தனித்தனியே அளந்து சரிசெய்தார். வாடகைக்கு விடும் பொருளை எங்கே கொண்டுபோகிறோம் என்று அக்கறையோடு கேட்கும் கடை அரிது. குறை ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டியின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அடியில் நேராக ஓடச் செய்யும் இரண்டு தடிப்புகள் உள்ளன. உள்ளே ஐந்து புள்ளிகளில் பூட்டும் பட்டியுடன் கூடிய சாய்விருக்கை. இந்த இருக்கையின் சாய்வைத்தான் வாங்குபவரும் வாடகைக்கு எடுப்பவரும் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. பத்து மாதக் குழந்தை வண்டி நகரத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் உறங்கிவிடும். இருக்கை நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சுவழி ஒடுங்கும். எங்களுடைய புல்க்கில் மூன்று நிலைகளில் சாய்க்க முடிந்தது, மிகத் தாழ்ந்த நிலையில் மகள் நன்றாக உறங்கினாள். பட்டியைத் தடித்த பனியுடுப்பின் மேல் இறுக்கினால், பஞ்சு அமுங்கியதும் பட்டி தளர்ந்துவிடும் என்பதையும் முதல் நாளே கண்டோம். அதன்பின் மெல்லிய கம்பளி உடுப்பின் மேல் பட்டியைப் பூட்டி, அதற்கு மேலே உறக்கப்பையை இழுத்து மூடினோம்.

அடியில் விரிக்க ஆட்டுத்தோல் வாடகையில் சேரவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கினோம், அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை. பனியோடு ஒட்டி ஓடும் வண்டியில் குளிர் கீழிருந்துதான் ஏறுகிறது. மேலே எத்தனை போர்வை போட்டாலும் அதற்கு மாற்றில்லை.

உடுப்பு விடயத்தில் இங்குள்ளோர் சொல்வதையே கேட்டோம்: தோலோடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத உறை. பருத்தி எங்கும் இல்லை, ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் உடற்பரப்பு பெரியவர்களுடையதை விட அதிகம், அதனால் வெப்பத்தை விரைவாக இழக்கும். பட்டியில் கட்டுண்டு கிடப்பதால் அசைந்து சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. இழுப்பவர் வியர்த்து வழிந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் இருப்பவர் குளிர்ந்துகொண்டிருக்கலாம். என் உடல் சொல்வதை நம்பி மகளின் நிலையை மதிப்பிட முடியாது என்பது இந்தப் பயணத்தில் மிகக் கடினமாகப் பழகிய பாடம். கைவிரல் குளிர்ந்திருப்பதும் சரியான அடையாளம் அல்ல. கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அது இளஞ்சூடாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் உடுப்பில் ஒரு படையைக் குறைக்கவேண்டும். அளவுக்கு மீறிய சூடும் உறங்கும் குழந்தைக்கு ஆபத்தானதே.

இந்த ஒரு காரணத்தால்தான் புல்க்கை மதிப்பிடும் என் அளவுகோல் மாறியது. எவ்வளவு சொகுசு, எவ்வளவு அழகு என்பதையெல்லாம் விட, கையுறையோடு எத்தனை செக்கனில் அதைத் திறந்து குழந்தையின் கழுத்தைத் தொட முடிகிறது, பின்னால் வருபவரின் கண்ணுக்கு அதன் முகம் தெரிகிறதா என்ற இரண்டையுமே பார்க்கத் தொடங்கினேன். முதலாவதில் எங்கள் புல்க் நன்றாகத் தேறியது: மேலுறையின் சிப்பில் பெரிய கயிற்று வளையங்கள் கட்டியிருந்தார்கள், தடித்த கையுறையோடும் ஒரே இழுப்பில் திறக்கலாம். இரண்டாவதில் தேறவில்லை. முன்பக்கம் உள்ள ஒளி ஊடுருவும் காற்றுத்தடுப்பு, ஸ்கீயின் பின்பகுதி எற்றும் பனித்தூளையும் எதிர்க்காற்றையும் நன்றாகத் தடுக்கிறது. ஆனால் குளிர் கூடினால் குழந்தையின் மூச்சு அதன் உட்புறத்தில் படிந்து உறைந்து, அரை மணிக்குள் அது பால்வெள்ளையாகிவிடுகிறது. பக்கத்திலுள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்தால் படிவு குறைகிறது, ஆனால் பனித்தூள் நுழைகிறது. இதற்கு நாங்கள் கண்ட வழி, காற்று முதுகில் அடிக்கும்போது தடுப்பைப் பாதி தாழ்த்திவிடுவது. எதிர்க்காற்று என்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று திறந்து பார்ப்பது. எல்லாப் புல்க்குகளிலும் ஓரளவுக்கு இது இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். இருக்கலாம், ஆனால் வாடகைக்குக் கொடுக்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம்.

ஒத்திகைகளைப் பற்றிச் சில வார்த்தை. முதல் ஒத்திகை வீட்டுக்கு அருகிலுள்ள விளையாட்டு மைதானத்தில், மகளுக்குப் பதிலாகப் பத்துக் கிலோ பாசுமதி அரிசிப் பையைக் கட்டி வைத்து நடந்தது. சரிவில் நான் திரும்பிய வேகத்தில் வண்டி ஒருமுறை கவிழ்ந்தது, அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டுகள் விறைப்பானவை என்பதால் இறக்கத்தில் வண்டி என் குதிகாலில் வந்து மோதாது, ஆனால் அதன் எடை என்னைத் தள்ளும். அதனால் இறக்கங்களில் பின்னால் வருபவர் வண்டியின் பின்புறத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தடுக்கவேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம். ஒருவர் தனியாகக் குழந்தையுடன் மலைக்குப் போவதை நான் எண்ணிப் பார்க்கவும் மாட்டேன்.

இரண்டாவது ஒத்திகைக்கு மகளுடன் மெட்ரோவின் முதலாம் தடத்தில் ஏறி, 469 மீற்றர் உயரத்திலுள்ள ஃபுரொக்னர்சேத்தரன் நிலையத்தில் இறங்கி நூர்மார்க்கா காட்டுக்குள் சென்றோம். அங்கே 1883இல் தொடங்கப்பட்ட ஸ்கீ சங்கம் தடங்களை ஆயத்தம் செய்து வைக்கிறது. மரங்கள் காற்றைத் தடுக்கின்றன. ஏதாவது நடந்தால் அரை மணியில் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். புதியவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பாலும் டயப்பரும் இங்கேதான் பரீட்சைக்கு வந்தன. ஈரத்துடைப்பான்கள் பையின் வெளிப்பக்கத்தில் இருந்ததால் கட்டியாக உறைந்து போயின. அதன்பின் அவை என் உட்சட்டைப் பையில்தான் பயணம் செய்தன. பால்மாவை 70 பாகைக்குக் குறையாத நீரில் கரைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே ஒரு தெர்மோஸில் கொதிநீரும், உட்சட்டையோடு ஒட்டி, கொதித்து ஆறிய நீருள்ள சிறு போத்தலும் கொண்டுபோய், முதலாவதில் கரைத்து இரண்டாவதால் சூட்டைக் குறைத்துக் கொடுத்தோம். பயன்படுத்திய டயப்பர் நீர்புகாப் பையில் திரும்பவும் வீட்டுக்கே வந்தது. மூன்றாவது ஒத்திகை, தெருவோரக் குடில் ஒன்றில் ஓர் இரவு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, யாரும் உறங்கவில்லை.

ஃபின்சே 1222 மீற்றர் உயரத்தில், 1909இல் திறக்கப்பட்ட பேர்கன் ரயில்பாதையில் உள்ளது. நோர்வேயின் ரயில் நிலையங்களில் அதுவே மிக உயரமானது. அங்கே மோட்டார்த் தெரு கிடையாது. ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரம் ரயிலில் போகவேண்டும். இந்த இடத்தில் புல்க்கின் இன்னொரு நல்ல குணத்தைச் சொல்லவேண்டும்: தண்டுகளைக் கழற்றி இரண்டாக மடித்து வண்டிக்குள்ளேயே கிடத்திவிடலாம், உறக்கப்பையும் ஆட்டுத்தோலும் அதற்குள்ளேயே அடங்கும், குழந்தை, இரண்டு முதுகுப்பை, இரண்டு சோடி ஸ்கீ, ஒரு படகு என்ற கணக்கில் நாங்கள் யாருடைய காலையும் மிதிக்காமல் ஏறி இறங்கினோம்.

தங்குமிடத்துக்கு, 1868இல் தொடங்கப்பட்ட நோர்வே மலையேறுநர் சங்கத்தின் ஃபின்சே குடிலைத் தேர்ந்தோம். சங்கத்துக்கு 550க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. அவற்றுள் பலவற்றில் பணியாளர் இல்லை, திறவுகோலால் திறந்து விறகடுப்பை நாமே மூட்டவேண்டும். பெரியவர்களுக்கு அது இன்பம். ஆனால் குளிர்ந்து கிடக்கும் அறை சூடேறும்வரை ஈரக் கால்சட்டையோடு ஒரு குழந்தை எங்கே காத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், முதற் பயணத்துக்குப் பணியாளர் உள்ள குடிலே சரி என்பது விளங்கும். நாங்கள் நுழையும்போதே அறை சூடாக இருந்தது, உணவு ஆயத்தமாக இருந்தது, ஈர உடுப்பு காயவைக்கத் தனி அறை இருந்தது.

ஃபின்சேயில் மரம் இல்லை. மரவெல்லைக்கு மேலே உள்ள அந்த வெளியில் காற்றுக்கு எந்தத் தடையும் கிடையாது. அதனால் வெப்பநிலையை விடக் காற்றின் வேகத்தைத்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். மைனஸ் 8 பாகை என்பது காட்டுக்குள் இதமான நாள். அதே மைனஸ் 8இல் செக்கனுக்கு 11 மீற்றர் வேகத்தில் காற்றடித்தால் திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 18 போல் உறைக்கும். மைனஸ் 10க்குக் கீழே இறங்கினாலோ, காற்று செக்கனுக்கு 8 மீற்றரைத் தாண்டினாலோ குடிலை விட்டு நகர்வதில்லை என்று ஒஸ்லோவிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். வீட்டில் எழுதியதை மலையில் மாற்றுவதில்லை என்றும் சேர்த்து எழுதினோம். வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘இர்’ என்ற சேவை தரும் முன்னறிவிப்பையும், பனிச்சரிவு எச்சரிக்கையையும் காலையில் பார்த்து, 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளுக்கும் அவற்றின் அடிவாரத்துக்கும் அருகே போகாத வழியை வரைபடத்தில் குறித்தோம். ஈஸ்டருக்கு முன்னதாக மலைப்பாதைகளில் சங்கத்தார் குச்சிகளை நட்டு வழி குறித்து வைப்பார்கள். அந்தக் குச்சிகள் பனிமூட்டத்தில் எவ்வளவு பெறுமதியானவை என்பதை அன்று மதியமே உணர்ந்தோம்.

இரண்டாம் நாள் புறப்பட்டபோது மைனஸ் 7, காற்று 5. ஐம்பது நிமிடம் நன்றாகப் போனது; மகள் உறங்கினாள், நான் வியர்த்தேன். அதன்பின் காற்று எழுந்தது. காற்றுத்தடுப்பு வெளுத்துப் போனதைப் பின்னால் வந்த கணவர் கண்டு கத்தினார். நிறுத்தித் திறந்து கழுத்தைத் தொட்டபோது சூடு இருந்தது, ஆனால் முந்திய முறையை விடக் குறைவு. இன்னும் இரண்டு கிலோமீற்றரில் நாங்கள் குறித்து வைத்த இடம் வந்துவிடும். ஆனாலும் திரும்பினோம். நோர்வேயின் மலை விதிகளில் எட்டாவது, திரும்பி வருவதில் வெட்கம் இல்லை என்கிறது. 1967 ஈஸ்டரில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு நாடெங்கும் பரப்பப்பட்ட அந்த விதிகள் 2016இல் திருத்தப்பட்டும் அந்த விதி அப்படியே நிற்கிறது. கோப்பி விளம்பரம்போல் எங்கும் அச்சாகியிருக்கும் வாசகம்தான். இருந்தாலும் ஒரு குழந்தையின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நினைத்தபோது அது வேறுமாதிரி ஒலித்தது.

திரும்பும் வழியில்தான் கடையின் குறை வெளிப்பட்டது. இடது தண்டை வண்டியோடு பிணைக்கும் கடையாணி எங்கேயோ நழுவி விழுந்திருந்தது. தண்டு கழன்று பனியில் இழுபட்டது. அந்த ஆணிக்குக் காவலாக இருக்கவேண்டிய சிறு கம்பி வளையம் தேய்ந்திருந்ததை நாங்கள் பொருளை எடுக்கும்போது கவனிக்கவில்லை, கடையும் கவனிக்கவில்லை. உதிரி ஆணியும் பொதிக்குள் இல்லை. காற்றுப்பையை விரித்து, அதாவது ஆட்கள் உள்ளே புகுந்து காற்றிலிருந்து ஒதுங்கும் அந்தப் பெரிய துணிப்பையை விரித்து, நான் மகளோடு அதற்குள் அமர்ந்து பால் கொடுத்தேன். கணவர் கையுறையைக் கழற்றி, கூடாரக் கயிற்றால் துளையில் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். பன்னிரண்டு நிமிடம். மகளுக்கு அது விளையாட்டு. அவருடைய விரல்நுனிகளில் உணர்ச்சி திரும்பக் குடில்வரை ஆயிற்று. கயிறு ஒஸ்லோவரை தாங்கியது.

ஆகவே, கடன் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ, தண்டு, ஆணி, வளையம், பட்டியின் கொக்கி ஆகிய நான்கையும் கடையிலேயே கையால் இழுத்துப் பாருங்கள்; இரண்டு உதிரி ஆணியும் மூன்று மீற்றர் கயிறும் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு புல்க் வாங்க பத்தாயிரம் குரோனருக்கு மேல் ஆகக்கூடும். குழந்தை இரண்டு மூன்று பனிக்காலத்துக்குத்தான் அதற்குள் அடங்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை போகிறவர்களுக்கு வாடகையே போதும். அதுவும் முதல்முறை என்றால், விளையாட்டு உபகரணங்களைச் சிறுவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துதவும் புவா நிலையங்களில் புல்க் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைதான ஒத்திகைக்கு அது தாராளம். மலைக்கு எடுத்துச் செல்வதென்றால், கேள்வி கேட்கும் ஊழியர் உள்ள கடைக்குப் போங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்த நாளில் கயிற்றுக் கட்டைக் காட்டினேன். அந்தப் பெண் முகம் மாறி, அங்கேயே அலுமாரியைத் திறந்து, புது வளையங்களைப் பூட்டி, இரண்டு உதிரி ஆணிகளைத் துணிப்பையில் இட்டு வண்டியின் உட்புறத்தில் கட்டி வைத்தார். வாடகையில் எதையும் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். குறைந்த ஒன்றில் பாதி ஆணிக்கு, மீதிப் பாதி அந்த வெளுத்துப் போகும் காற்றுத்தடுப்புக்கு.